நான்கு ஊர் கூடிப் பார்த்த என் தலைக்குளியல்

வலிப்பு நோய்க்காரர்களுக்கு ஒரு வினோதமான குறை உண்டு. நம் நோயை ஊரே பார்த்திருக்கும், நாம் மட்டும் பார்த்திருக்க மாட்டோம். "கண்ணு நெலகுத்திப் போச்சு", "வாயச் சும்மா மென்னுக்கிட்டே இருந்தே", "சம்பந்தமில்லாம என்னமோ பேசுனே" என்று அம்மா சொல்லச் சொல்ல, தெருவில் யாரோ ஒருத்திக்கு நடந்ததைக் கேட்பது போல இருக்கும். இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன், மருந்தும் குறைந்துவிட்டது. சேலத்து வார்டில் என்னோடு இருந்தவர்கள், "உனக்கு எப்படிச் சரியாச்சு, எழுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காகவும், தலையில் பசை ஒட்டக் காத்திருக்கிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் கோழி நோய்ப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்க்கிறேன். பண்ணையிலிருந்து செத்த கோழி வரும்; அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும். வீடு சேந்தமங்கலத்தில். அம்மா, அண்ணன் செந்தில், நான், மூன்றே பேர். அண்ணன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். என்னைக் கோழி டாக்டர் என்றுதான் கூப்பிடுவான். நான் வார்டில் படுத்திருந்தபோதுகூட, "கோழி டாக்டருக்கே சீக்கு வந்திருச்சு, இனி முட்டை வெல ஏறும் பாரு" என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது விழுந்தேன். முதலில் வழுக்கி விழுந்ததாகத்தான் நினைத்தார்கள். கை கால் வெட்டி வெட்டி இழுத்ததையும் வாயில் நுரை தள்ளியதையும் பார்த்த பிறகே அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கிருந்து சேலம். அங்கே டாக்டர் கலைவாணி. மூளை நரம்பு மருத்துவர், ஒல்லியான மனுஷி, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பே எனக்குப் பாதி தைரியம் தந்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். காந்தக் குகைக்குள் படுக்க வைத்து மூளையைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது அது. கத்தி இல்லை, வலி இல்லை, பட்டறைச் சத்தம் மட்டும் உண்டு. இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், மூளையில் ஒரு வெளுத்த புள்ளி தெரிந்தது. வலிப்பு என்பது மூளைக்குள் ஓடும் மின்சாரம் ஓரிடத்தில் முறை தவறிக் கிளம்பிப் பரவுவது. அது கிளம்பும் இடம் அந்தப் புள்ளியாக இருக்கலாம் என்றார்கள். ஒரு மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. இரண்டாவது மருந்தும் சேர்த்தார்கள், அப்போதும் நிற்கவில்லை. அடுத்து அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளிதான் காரணம்னு உறுதியானா அந்தப் பகுதியை எடுத்துடலாம்" என்று, பல்லைப் பிடுங்குவது போலச் சொன்னார். பிறகு மெதுவாக, "இடது பக்கம்கிறதால பேச்சு கொஞ்சம் பாதிக்கலாம். பொருளோட பேரு சட்டுனு ஞாபகம் வராது" என்றார்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் வாயால் வாழ்கிறவள். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரியின் குலம் கோத்திரம் வரை கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். எந்தப் பெயர் முதலில் போகும்? கோழியின் பெயரா, அம்மாவின் பெயரா? வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் மனதுக்குள் பெயர் சொல்லிப் பார்த்தேன். ஃபேன். ஸ்ட்ரெச்சர். தூக்குப்போசி. அம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தார். "என்ன அம்மிணி முணுமுணுக்கறே?" "ஒண்ணுமில்லம்மா."

வெட்டுவதற்கு முன்னால் வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குத்தான் வீடியோ இ.இ.ஜி. தலை முழுக்க மின்முனைகளைப் பசை போட்டு ஒட்டி, அதிலிருந்து வரும் கோடுகளை இயந்திரம் வரையும். கூடவே ஒரு கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வலிப்பு வரும்வரை படுத்திருக்க வேண்டும். உலகத்தில் வலிப்பு வரட்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் அறை அது ஒன்றுதான். மருந்தைக் குறைத்தார்கள், தூங்க விடாமல் வைத்தார்கள். நாட்கள் போயின, எனக்கு ஒன்றும் வரவில்லை. தலை அரித்தது, அவ்வளவுதான். இடையில் ஒரு பெண் வந்து படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார், பேச்சுத் திறன் பார்க்க. ஒரு படத்தில் பனிக்கட்டியில் கட்டிய வீடு இருந்தது. நான் முழித்தேன். அவர் சிரித்து, "இது வேற நாட்டுச் சோதனைங்க. நம்ம பக்கத்துக்குத் தகுந்த மாதிரி படத்தை மாத்திக்கிட்டிருக்கோம், நாலு ஊர் சேர்ந்து" என்றார். நாலு ஊர் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அம்மா கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தார். அண்ணன் தினமும் பட்டறை முடிந்து வந்தான். எந்தப் பில்லையும் என் கண்ணில் காட்டவில்லை. ஆனால் பைக்கில் வந்துகொண்டிருந்தவன் ஒரு நாளிலிருந்து பஸ்ஸில் வந்தான். கேட்டதற்கு, "ராசிபுரம் ரோட்டுல ஒரே தூசி, சாமி" என்றான்.

ஒன்றும் பதிவாகாமலே மின்முனைகளைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். செவ்வாய்ப்பேட்டையில் சின்னம்மா வீடு பக்கம். அங்கே போய்த் தலையை அலசிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று அம்மா சொன்னார். தலைமுடி கயிறு மாதிரி திரிந்திருந்தது. சின்னம்மா தவலை நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்தார். அம்மா எண்ணெய் வைத்து ஊற விட்டு, சீயக்காய் தேய்த்து, சொம்பால் தலையில் ஊற்ற ஆரம்பித்தார். எனக்கு நினைவிருப்பது அந்தச் சுகம் வரைதான். கண் விழித்தபோது ஆட்டோவில், ஈரத் தலையோடு, மறுபடி அதே மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"மிசினு இருந்தவரைக்கும் வல்லீங்க. கழட்டுன ஒடனே வந்திருச்சு" என்று அம்மா டாக்டரிடம் அழுதார். டாக்டர் கலைவாணி பேனாவைக் கீழே வைத்தார். வெகு நேரம் யோசித்தார். "இதை எங்க கூட்டத்துல வைக்கிறேன்மா" என்றார்.

அந்தக் கூட்டம்தான் நாலு ஊர். சேலம், பெங்களூரு, திருவனந்தபுரம், துருக்கியில் இஸ்தான்புல். வலிப்பு நோயை ஆராயும் மருத்துவர்களும் டெக்னீசியன்களும் வாரம் ஒரு முறை திரையில் கூடி, தங்களுக்குப் பிடிபடாத நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. நோயாளி சம்மதித்தால்தான் அவர் விவரம் அங்கே போகும், பெயர் போகாது. நான் சம்மதித்தேன், கூடவே "நானும் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாயைத் திறக்காம இருப்பியா?" என்றார். முடியாது என்று அவருக்கும் தெரியும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டினார், கோடுகளைக் காட்டினார். எல்லோரும் ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டார்கள். பெங்களூரு டாக்டர் வசுதா மட்டும் கடைசி வரை படத்தைப் பார்க்கவே இல்லை. அவர் தமிழில், கொஞ்சம் கன்னட வாசத்தோடு, நேராக அம்மாவைக் கேட்டார்.

"அம்மா, தலையில ஒட்டின பசையை எப்படி எடுத்தீங்க?"

"எண்ணெ வெச்சு, சீயக்காப் போட்டு, நல்லாச் சுடுதண்ணி வாத்து உட்டனுங்க."

"மொதல்ல விழுந்தது வெள்ளிக்கிழமைன்னு எழுதியிருக்கு. வெள்ளிக்கிழமை வீட்ல என்ன?"

"பொம்பளைங்க எண்ணெ தேச்சுக்கற நாளுங்க."

"அதுக்கு முன்னாடி, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கும்போது பொண்ணு அசந்து போறது, ஒளறது உண்டா?"

"எண்ணெ தேச்சா அசதி வரத்தானுங்க செய்யும். எல்லாத்துக்கும் வாரதுதானுங்களே?"

திரையில் நான்கு கட்டங்களும் அப்படியே நின்றுவிட்டன. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிலருக்குப் பளிச்பளிச்சென்று மினுக்கும் வெளிச்சம் பட்டால் வலிப்பு வரும். சிலருக்குத் தலையில் வெந்நீர் ஊற்றினால் வரும். இதற்கு வெந்நீர் வலிப்பு என்றே பெயர். கர்நாடகத்தின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய நம் பக்கத்திலும், அப்புறம் எங்கோ தள்ளியிருக்கும் துருக்கியிலும் பார்க்கிறார்களாம். டாக்டர் வசுதாவுக்கு அது அடிக்கடி வரும் நோய், சேலத்துக்கு எப்போதாவது. டாக்டர் கலைவாணி மழுப்பவில்லை. "எந்த நேரத்துல வருதுன்னு கேட்டேன். என்ன செய்யும்போது வருதுன்னு நான் கேக்கல" என்று திரையிலேயே சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை இன்னும் கூடியது.

நாங்களும் சொல்லவில்லை. வலிப்பு உடம்புச் சூட்டால் வருகிறது என்று நம்பி, முதல் முறை விழுந்த பிறகு அம்மா வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்த்து எண்ணெய்க் குளியல் வைத்தார். மருந்து ஏன் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறதா? மருத்துவமனையில் ஏன் வரவில்லை என்றும்? தலையில் மின்முனை இருக்கும்வரை யாரும் என் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை.

நான் துள்ளினேன். அப்படியானால் அறுவை வேண்டாமே? அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் அறுவை நிபுணர் இல்லை என்று தலையாட்டினார். "தூண்டுறது தண்ணியா இருக்கலாம். கிளம்புறது அந்தப் புள்ளியிலிருந்துன்னா, அது என்னைக்காவது தானாவும் கிளம்பும். தொடங்குற இடத்தைப் பார்த்தாகணும்." அதாவது, மின்முனைகளை மறுபடி ஒட்டி, தலையில் வெந்நீர் ஊற்றி, வலிப்பை வரவழைத்துப் பதிவு செய்ய வேண்டும். இடது புள்ளியில் தொடங்கினால் கத்தி. வேறு இடத்தில் தொடங்கினால் கத்தி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் திறந்த வாய் மூடாமல் பார்த்தேன். சாதாரணப் பசை வெந்நீரில் கரைந்துவிடும். திருவனந்தபுரத்து டெக்னீசியன் ஷாஜி, கொலோடியன் என்ற வேறு பசையில் துணித்துண்டை நனைத்து, ஒவ்வொரு மின்முனைக்கும் மேலே ஒட்டி, குளிர்காற்றில் உலர்த்தும் விதத்தை எங்கள் டெக்னீசியன் அக்காவுக்குத் திரை வழியே கற்றுக் கொடுத்தார். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. "தலையில் ஆரெங்கிலும் சூடுவெள்ளம் ஒழிக்குமோ?" என்றார், யாராவது தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றுவார்களா என்று. அம்மா விடவில்லை. "அப்பறம் பச்சத்தண்ணியிலயா வாப்பாங்க? சளி புடிக்காதுங்களா?" நடுவில் டாக்டர் வசுதா விழுந்து விழுந்து சிரித்தார்.

இஸ்தான்புல் டாக்டர் எலிஃப், ஷவரில் நனைத்தால் பலருக்கு வராது என்று எச்சரித்தார். வீட்டில் ஊற்றும் அதே பாத்திரம், அதே வேகம், முடிந்தால் அதே கை வேண்டும். அவர்கள் ஊர்க் குளியலறைக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். "நம்ம சொம்பாட்டத்தான் இருக்குது" என்றார் அம்மா. எவ்வளவு சூடு என்று கேட்டார்கள். அம்மா "கை பொறுக்கற சூடு" என்றார். யார் கை என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு அளவைச் சூடு என்று எழுதிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. நான் என் கூடத்திலிருந்து வெப்பமானி கொண்டுவந்து, அம்மா விளாவிய தண்ணீரை அளந்து கொடுத்தேன். அளந்தபோது விரலை விட்டுப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. சமையல்காரக் கைக்குப் பொறுக்கும் சூடு அது.

அண்ணன் ஒரு தகட்டுத் தொட்டி செய்து வந்தான். லாரிக்கு டூல் பாக்ஸ் மடிக்கும் தகடு. கழுத்து வைக்க ஒரு பள்ளம், தண்ணீர் வெளியேற ஒரு குழாய், ஓரமெல்லாம் ரப்பர். "முடி வெட்டற கடையாட்டம் இருக்குது" என்றேன். "சும்மா இரு. பின்னாடி 'ஒலி எழுப்பவும்'னு எழுதி உட்ருவேன்" என்றான்.

எல்லாம் தயார். அம்மா தயாரில்லை.

"நர்சம்மாவையே ஊத்தச் சொல்லுங்க. புள்ளைக்கு வலிப்பு வருமின்னு தெரிஞ்சுக்கிட்டு என்ற கையால எப்படி ஊத்துவேன்?" என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மருந்து, ஆக்சிஜன், ஊசி எல்லாம் பக்கத்தில் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அம்மா அசையவில்லை. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நர்சம்மா பயந்து பயந்து ஊத்தும். வலிப்பு வராது. வல்லீன்னா எங்கேன்னு தெரியாது. தெரியலீன்னா கத்தி எடுப்பாங்க. நீ எதுக்கு அழுவறே, தண்ணிக்கா, கத்திக்கா?"

அம்மா அவனை முறைத்தார். பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

தொட்டியில் கழுத்தை வைத்துப் படுத்தேன். திரையில் மூன்று ஊரும் இருந்தன. அம்மா முதல் சொம்பை ஊற்றினார். இரண்டாவது. சூடு உச்சியிலிருந்து காதோரமாக இறங்கியது. எனக்குப் பயம் என்று ஒன்று இருந்ததே மறந்து போனது. இன்னும், இன்னும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

விழித்தபோது யாரோ கையைப் பிடித்திருந்தார்கள். அம்மா என்று நினைத்தேன், டாக்டர் கலைவாணி. அறை முழுக்கத் தேடினேன். அம்மா இல்லை. டாக்டர் ஒரு பொருளைக் காட்டி, "இது என்ன?" என்றார். "பேனா" என்றேன். "இது?" "வாட்ச். அம்மா எங்க?" டாக்டர் திரும்பித் திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு விளக்கினார்: இடது பக்கத்தில் தொடங்கும் வலிப்பாக இருந்தால் முடிந்தவுடன் இவ்வளவு சட்டென்று பேர் வராது, வாய் தடுமாறும். ஆனால் அதை வைத்து முடிவு செய்ய மாட்டோம், கோடுகளைப் படிக்க வேண்டும் என்றார். அம்மா சொம்பைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடியிருந்தார். மாடிப்படியில் காதைப் பொத்தி உட்கார்ந்திருந்தவரை அண்ணன் அழைத்து வர நேரமாயிற்று.

அந்தப் பதிவை நான்கு ஊரும் தனித்தனியாகப் படித்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் பேச்சில் இன்னொருவர் மயங்கிவிடக் கூடாதாம். எங்கள் கூடத்தில் ஒரு கோழியை இரண்டு பேர் பார்த்தாலே முதல் ஆள் சொன்னதற்கு இரண்டாவது ஆள் தலையாட்டிவிடுவார். இங்கே பெரிய பெரிய டாக்டர்கள், தேர்வு அறைப் பிள்ளைகள் மாதிரி விடையை மூடி வைத்துக்கொண்டு எழுதினார்கள். காத்திருந்த அந்த வாரத்தில் நான் பெயர் சொல்லிப் பார்க்காத பொருள் வீட்டில் இல்லை.

அடுத்த கூட்டத்தில் நான்கு விடைகளும் ஒன்றாகத் திறக்கப்பட்டன. வலது. வலது. வலது. வலது. இடது புள்ளி, எப்போதோ ஏற்பட்டு அடங்கிப்போன தழும்பு. அதற்கும் என் வலிப்புக்கும் தொடர்பில்லை. அன்று என் வலிப்பையும் பார்த்தேன். தொட்டியில் ஒருத்தி கண்ணை ஒரு பக்கம் நிறுத்திக்கொண்டு, வாயை மென்றுகொண்டு, கையால் காற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பயமாக இல்லை. பாவமாக இருந்தது.

"இடது பக்கம் எனக்கு வேலை இல்லை" என்றார் அறுவை நிபுணர். "வலது பக்கமும் வேண்டாம். தண்ணியை மாத்துங்க, போதும்."

வெதுவெதுப்பாக விளாவ வேண்டும். முதலில் உடம்புக்கு ஊற்றி, கடைசியில் தலைக்கு, மெதுவாக. தலைக்குளிக்கும் நாளில் அதற்கு முன்னால் ஒரு சிறிய மாத்திரை. சிகிச்சை அவ்வளவுதான். இரண்டு மருந்தில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள், மற்றதையும் குறைத்து வருகிறார்கள். அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அம்மா திரையைப் பார்த்து, "அப்ப இத்தன நாளா நாந்தான் புள்ளைக்கு வரவெச்சனுங்களா?" என்று கேட்டார். டாக்டர் கலைவாணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் எலிஃப்தான் முதலில் பேசினார். அவரிடம் வரும் பிள்ளைகளுக்கும் தண்ணீர் ஊற்றுவது அம்மாக்கள்தானாம். "இங்கேயும்" என்றார் டாக்டர் வசுதா. "நீங்க ஊத்தினதாலதான் இடம் தெரிஞ்சது. ஊத்த மாட்டேன்னு போயிட்ட அம்மாக்கள் இருக்காங்க. அந்தப் பிள்ளைகளுக்கு என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது."

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டிய பிறகு அம்மா, "அந்தப் பெங்களூரு டாக்டரம்மாகிட்ட என்ற நம்பரக் குடு" என்றார்.

கொடுத்தேன். போன வாரம் ஒரு அழைப்பு வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். மகளை பெங்களூருவில் சேர்த்திருக்கிறார், மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றும் சோதனை. என் கையால் ஊற்ற மாட்டேன் என்று அழுவது எனக்கே கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஊத்துங்க. ஊட்ல எப்படி ஊத்துவீங்களோ அப்படியே ஊத்துங்க, கொறைக்காதீங்க. டாக்டருங்க நாலு பேரு பாத்துக்கிட்டிருப்பாங்க, ஒண்ணும் ஆவாது. ஆனா ஒண்ணு, சாமி. நான் பயந்துக்கிட்டு வெளிய ஓடிட்டேன். நீங்க ஓடீராதீங்க. முழிச்சதும் புள்ள உங்களத்தான் தேடும்."